முடிச் சாயத்தைக் கைவிடுதல்

முடிச் சாயத்தைக் கைவிடுதல் என்பது, பல ஆண்டுகளாகத் தலைமுடிக்குச் சாயமிட்டு வந்த ஒருவர் அப்பழக்கத்தை நிறுத்தி, முடியை அதன் இயல்பான நிறத்தில் வளரவிடுவதைக் குறிக்கும். பெரும்பாலும் இது நரையை மறைக்காமல் ஏற்றுக்கொள்வதாக அமைகிறது.

நரையும் சாயமும்

முடியின் நிறத்துக்குக் காரணம் மெலனின் என்னும் நிறமி ஆகும். மயிர்க்கால்களில் உள்ள நிறமி உயிரணுக்கள் இதனை உருவாக்கி, வளரும் முடிக்கு அளிக்கின்றன. வயது ஏறும்போது இவ்வுயிரணுக்கள் குறைவதால் நிறமியற்ற முடி வளர்கிறது. இதுவே நரை எனப்படுகிறது.

தற்கால வேதியியல் முடிச் சாயங்களின் முன்னோடிகளுள் ஒன்றை, பிரெஞ்சு வேதியியலாளரான இயூஜின் சுவெல்லர் 1907 ஆம் ஆண்டில் உருவாக்கினார். நிலையான சாயங்களில் உள்ள அமோனியா முடியின் மேலுறையைத் தளர்த்துகிறது. ஐதரசன் பெராக்சைடு இயல்பான நிறமியை வெளிறச் செய்வதுடன், சாயப் பொருட்களை முடியின் உள்ளேயே வினைபுரியச் செய்கிறது. அங்கு உருவாகும் பெரிய நிற மூலக்கூறுகள் கழுவினாலும் எளிதில் வெளியேறுவதில்லை.

தோலுக்கு வெளியே உள்ள முடி உயிரற்றது. ஆகவே சாயமிட்ட முடி தானாகப் பழைய நிறத்துக்குத் திரும்பாது. புதிதாக வளரும் பகுதி மட்டுமே இயல்பான நிறத்தைக் கொண்டிருக்கும்.

மாற்றக் காலம்

தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. எனவே 30 செ.மீ. நீளமுள்ள முடி முழுமையாக மாற ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஆகும். அதுவரை வேர்ப்பகுதி நரைத்தும் நுனிப்பகுதி கறுத்தும் இருப்பதால், இரண்டுக்கும் இடையே ஒரு கோடு தெளிவாகத் தெரியும். இம்மாற்றத்தை மறைவாகச் செய்ய இயலாது என்பதே பலர் தயங்குவதற்கு முதன்மையான காரணம். முடியைக் குட்டையாக வெட்டுதல், தலையை மழித்தல், இடையிடையே வெளிர்நிறக் கீற்றுகள் இடுதல் ஆகியன இக்காலத்தைச் சுருக்கவோ கோட்டை மங்கச் செய்யவோ உதவும். சாயத்தை வெளிறச் செய்து நீக்கவும் இயலும். ஆனால் அது முடியைச் சேதப்படுத்தக்கூடும்.

காரணங்கள்

- ஒவ்வாமை: கருஞ்சாயங்கள் பலவற்றில் உள்ள பாரா-பினைலீன்டைஅமீன் சிலருக்குத் தோல் அழற்சியை உண்டாக்குகிறது. பல ஆண்டுகள் சிக்கலின்றிப் பயன்படுத்தியவருக்கும் இது தோன்றலாம். கறுப்பு மருதாணி என விற்கப்படும் சில பொருட்களிலும் இவ்வேதிப்பொருள் உண்டு.
- செலவும் நேரமும்: வேர்ப்பகுதி வெளித்தெரியாமல் இருக்க, சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் சாயமிட வேண்டும்.
- பெருந்தொற்று: 2020 இல் கோவிட்-19 பரவலால் பல நாடுகளில் முடிதிருத்தகங்கள் மூடப்பட்டபோது, பலர் சாயமிடுவதை நிறுத்தினர்.

சமூகப் பார்வை

நரை ஆண்களுக்கு முதிர்ச்சியின் அடையாளமாகவும், பெண்களுக்கு முதுமையின் அடையாளமாகவும் கொள்ளப்படுவதுண்டு. மங்காத்தா (2011) திரைப்படத்தில் நடிகர் அஜித் குமார் நரை கலந்த முடியுடன் நாயகனாகத் தோன்றினார். அத்தோற்றம் இரசிகர்களிடையே வரவேற்பைப் பெற்றது.

கனடாவின் சிடிவி தொலைக்காட்சியில் தலைமைச் செய்தி வாசிப்பாளராக இருந்த லிசா லாஃபிளாம், 2020 இல் சாயமிடுவதை நிறுத்தி, நரைத்த முடியுடனே செய்தி வாசித்தார். அந்நிறுவனத்தில் சுமார் 35 ஆண்டுகள் பணியாற்றிய அவருடைய ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்பட்டது 2022 ஆகத்து மாதத்தில் வெளியே தெரியவந்தது. அவருடைய வயதும் நரையும் இதற்குக் காரணமா என்ற விவாதம் நாடு முழுவதும் எழுந்தது. நிறுவனம் அதனை மறுத்து, இது வணிக முடிவு எனக் கூறியது.