காலி கேலரி பிறந்த கதை

மூணாறில் ஃபின்லே ஷீல்டு என்று ஒரு கால்பந்துப் போட்டி உண்டு. கண்ணன் தேவன் மலைகளை ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனி ஆண்ட 1940-களில் தொடங்கியது. துரைமார் போனார்கள், டாடா வந்தது, 2005-இல் தொழிலாளர்களையே பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொண்டு கே.டி.எச்.பி. கம்பெனி வந்தது. ஷீல்டு மட்டும் மாறாமல் தொடர்கிறது. எஸ்டேட்டுக்கு ஓர் அணி. ஆடுகிறவர்கள் அந்தந்த எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்கள். கைதட்ட வருகிறவர்களும் அதே லயங்களில் குடியிருப்பவர்கள்தான், பெரும்பாலும் தமிழர்கள்.

இப்படிப்பட்ட மைதானத்தில் சொந்த அணியை ஏசலாமா என்ற கேள்வியே எழாது. கோலைக் கோட்டை விட்டவன் அடுத்த வீட்டுக்காரன், இல்லையென்றால் மச்சான் முறை. வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டலாம். ஆனால் மறுநாள் காலை அவனோடு ஒரே மஸ்டரில், அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில், போய் நிற்க வேண்டும். அதனால் எங்கே நிறுத்துவது என்பதும் திட்டுகிறவனுக்குத் தெரியும்.

டிக்கெட் வாங்கிப் பார்க்கிற பெரிய ஆட்டத்தில் இந்தக் கடிவாளம் கிடையாது. அங்கே ரசிகன் தன் அணியைக் கேள்வி கேட்பது எப்படி? கேரளத்து ரசிகர்கள் இதற்கு ஒரு விடையைத் தட்டுத் தடுமாறித்தான் கண்டுபிடித்தார்கள்.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியது. சச்சின் டெண்டுல்கரைப் பங்குதாரராகக் கொண்டு கேரளா பிளாஸ்டர்ஸ் பிறந்தது. அதே ஆண்டு அதன் ரசிகர் கூட்டமான மஞ்சப்படையும் பிறந்தது. கொச்சி கலூர் மைதானத்தின் கிழக்கு கேலரி அவர்கள் கோட்டை. சென்னைக்கும் அதே ஆண்டு ஓர் அணி கிடைத்தது. ஆனாலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும் மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு பக்கத்திலும் வீட்டில் தமிழ் பேசும் பையன்கள் பலர் மஞ்சள் சட்டையைத்தான் மாட்டிக்கொண்டார்கள். மூணாறிலிருந்து கொச்சிக்கு மலையிறங்கி ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஆட்டம் இரவில் முடியும். ஒரு ஆட்டம் பார்ப்பதென்றால் டிக்கெட் காசோடு பஸ் காசு, ஒரு ராத்திரித் தூக்கம், சிலருக்கு ஒரு நாள் கூலியும் போகும்.

அந்தச் செலவை ஆரம்பத்தில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. 2014 இறுதிப் போட்டியில் பிளாஸ்டர்ஸ் கொல்கத்தாவிடம் கடைசி நிமிடங்களில் ஒரு கோலில் தோற்றது. 2016 இறுதிப் போட்டி கொச்சியிலேயே நடந்தது. 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னால் மறுபடி கொல்கத்தாவிடம், இந்த முறை பெனால்டியில். இரண்டு தோல்விகளிலும் அழுதவர்கள் உண்டு. அணியைத் தூற்றியவர்கள் அரிது. போராடித் தோற்றவனை யாரும் கேலியாகக் கூவுவதில்லை.

2018-இல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு சச்சின் தன் பங்கை விற்றுவிட்டு விலகினார். சீசனின் முதல் ஆட்டத்தில் கொல்கத்தாவை அதன் ஊரிலேயே வென்ற அணி, அடுத்த 14 ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் ஜாம்ஷெட்பூர் கொச்சிக்கு வந்தபோது, பல்லாயிரம் பேர் திரளும் மைதானத்தில் பத்தாயிரம் பேர்கூட இல்லை. ரசிகர்கள் வராமலிருந்தே தங்கள் கோபத்தைக் காட்டினார்கள். காலி கேலரி என்ற ஆயுதம் பிறந்தது அப்போதுதான். அந்த மாதமே, மும்பையிடம் 6-1 என்று தோற்றபின், பயிற்சியாளர் டேவிட் ஜேம்ஸ் விலகினார்.

இதற்கு ஆறு மாதம் முன்புதான், அதே 2018 ஜூனில், இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரி நேர்மாறான ஒன்றைக் கேட்டிருந்தார். மும்பையில் சீன தைபேயை இந்தியா 5-0 என்று வீழ்த்திய ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். அந்த ஐந்தில் மூன்று கோல் சேத்ரியுடையது. மனம் நொந்து அவர் ஒரு வீடியோ வெளியிட்டார். திட்டுங்கள், விமர்சியுங்கள், கத்துங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து செய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம். அடுத்து கென்யாவுடன் நடந்த ஆட்டத்துக்கு மைதானம் நிரம்பியது. அது சேத்ரியின் நூறாவது சர்வதேச ஆட்டம். இரண்டு கோல் போட்டார். ஆட்டக்காரனை ஏச்சை விட அதிகம் வதைப்பது காலி இருக்கை என்பதை ஓர் ஆட்டக்காரரே சொன்ன தருணம் அது.

அப்படியானால் வந்து கூவுவதுதான் சரியா? அதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. கூச்சல் பொதுவாகக் கண்ணில் படுகிறவன் மேல்தான் விழும். முடிவெடுத்தவர் கண்ணாடி அறைக்குள் இருப்பார். 2022 மார்ச்சில் பாரிஸ் ரசிகர்கள் மெஸ்ஸியையும் நெய்மாரையுமே கூவினார்கள், அதுவும் அணி 3-0 என்று வென்ற ஆட்டத்தில். கேரளத்தில் அந்தச் சூட்டை உணர்ந்தவர் சி.கே. வினீத். 2016-இல் பாதி சீசனில் வந்து சேர்ந்து ஐந்து கோல் போட்டு அணியை இறுதிப் போட்டிப் பாதையில் தூக்கிவிட்ட கண்ணூர்க்காரர். ஆட்டம் மங்கியதும் அதே ரசிகர்களில் ஒரு பகுதியின் வசவு அவர் மேல் திரும்பியது. 2019 ஜனவரியில் சென்னை அணிக்குக் கடனாகப் போனார். அடுத்த மாதம் கொச்சியில் சென்னைக்காக வந்தபோது, பந்து எடுத்துப் போடும் சிறுவனை அவர் திட்டினார் என்று ஒரு குரல்பதிவு பரவியது. அது பொய் என்று வினீத் போலீசில் புகார் கொடுத்தார். பிளாஸ்டர்ஸ் 14 ஆட்ட வறட்சியை முடித்து 3-0 என்று வென்ற நாள் அது. கொண்டாட வேண்டிய வெற்றி, புகாரும் மறுப்புமாகப் போனது.

இந்த இரண்டு அனுபவங்களுக்குப் பிறகு 2024 டிசம்பர் வந்தது. தோல்விகள் அடுக்கடுக்காக வர, பயிற்சியாளர் மிகேல் ஸ்டாரேவை நிர்வாகம் நீக்கியது. மஞ்சப்படையின் கோபம் பயிற்சியாளரோடு நிற்கவில்லை. நல்ல ஆட்டக்காரர்களைச் சேர்க்காத நிர்வாகத்தையே அது குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. இனி டிக்கெட் வாங்கவும் மாட்டோம், விற்கவும் மாட்டோம், நிர்வாகத்துக்கு எதிராகப் போராடுவோம், ஆனால் அணியைக் கைவிட மாட்டோம் என்று அறிவித்தது.

2018-இன் காலி கேலரிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. முன்பு தண்டனை எல்லார் தலையிலும் விழுந்தது. மஞ்சள் சட்டையில் முதல் ஆட்டம் ஆட இறங்கிய இருபது வயதுப் பையனும் வெறும் நாற்காலிகளைப் பார்த்துத்தான் ஆடினான். இப்போது பணப்பெட்டி வேறு, பந்து வேறு என்று பிரித்துக் குறி வைத்தார்கள். கூட்டத்தைக் காட்டித்தான் கிளப் விளம்பரதாரர்களைப் பிடிக்கிறது. அந்தக் கூட்டமே கணக்குக் கேட்கத் தொடங்கினால், கண்ணாடி அறைக்குள் காது கேட்கும்.

இவர்களைக் கொடுமைக்கார ரசிகர்கள் என்று சொல்லவும் முடியாது. 2023 மார்ச்சில் பெங்களூருவில் சேத்ரி சட்டென அடித்த ஃப்ரீகிக் கோலை எதிர்த்துப் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியை மைதானத்தை விட்டு அழைத்துப் போனார். கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம். அப்போது இதே ரசிகர்கள்தான் அவர் பக்கம் நின்றார்கள்.

தன் தரப்பின் தலைமையையே கேள்வி கேட்கும் இந்தப் பாடம் மூணாறுக்காரர்களுக்குப் புதிதல்ல. 2015 செப்டம்பரில் போனஸைக் குறைத்ததை எதிர்த்துத் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தார்கள். பெண்கள் ஒற்றுமை என்ற பொருளில் பெம்பிளை ஒருமை என்று அந்தப் போராட்டத்துக்குப் பெயர் வந்தது. கம்பெனியை எதிர்த்ததோடு, தங்கள் பெயரில் பேசிவந்த சொந்தச் சங்கத் தலைவர்களையும் கிட்டே சேர்க்காமல் விரட்டினார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதம் கிடைத்தது. தன் தரப்பைத் தானே கேள்வி கேட்பது துரோகம் என்று அவர்களிடம் யாரும் சொல்ல முடியாது.

ஆகவே ரசிகன் தன் அணியைக் கூவலாம். இரவெல்லாம் பஸ்ஸில் வந்தவனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் ஆட்டம் நடக்கும் 90 நிமிடமும் ஆடுகிறவர்களுக்கு உரியது. கூவலை விசில் ஊதிய பிறகு வைத்துக்கொள்ளட்டும். தவறவிட்ட ஒரு பெனால்டிக்காக ஒருவன் பெயரைச் சொல்லி, அவன் வீட்டை இழுத்து ஏசுவது ரசிகனின் வேலை அல்ல. ஆளை வாங்காதவரையும், டிக்கெட் விலையை ஏற்றியவரையும் பெயர் சொல்லிக் கேட்கட்டும். அவர்கள் பதில் சொல்லாதபோது டிக்கெட் கவுண்டருக்குப் போகாமல் இருக்கட்டும். கொச்சியின் கிழக்கு கேலரி பத்தாண்டில் வந்து சேர்ந்த இடம் இதுதான். மற்ற ஊர் ரசிகர்களும் இதைக் கற்றுக்கொள்ளலாம்.