நூல் நிற்கும் பலகை

நூலைப் போற்றாத புலவர் இல்லை. அந்நூல் நிற்கும் பலகையைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் அப்பலகைக்கும் ஒரு கொள்கை பிறந்தது. பூவேலையும் கண்ணாடிக் கதவும் பூட்டும் கொண்ட பேழையை ஒதுக்கி, திறந்த பலகையும் அதைத் தாங்கும் உலோகமுமே போதும் எனத் துணிந்த கொள்கை அது.

பாரிசு மாநகரில் மாணவர் குடியிருப்பின் மெக்சிகோ, துனீசிய இல்லங்களுக்கென 1952இல் ஷார்லத் பெரியான் என்னும் பெண்மணி வடித்த நூலடுக்கு இதற்குத் தக்க சான்று. நீண்ட மரப்பலகைகள், இடையிடையே வண்ணம் பூசிய மடிப்புத் தகட்டுத் தாங்கிகள், அவ்வளவே. தகட்டு வேலை ழான் புருவேயின் பட்டறையில் நடந்தது. மாணவரின் சிற்றறைக்காகச் செய்யப்பட்ட அப்பொருள் இன்று ஏலக்கூடத்தில் செல்வர் போட்டியிட்டுப் பெறும் அரும்பொருள்.

பெரியானோடு ஒரே பணிமனையில் உழைத்த பியர் ழான்னரே 1951இல் சண்டிகருக்கு வந்து 1965 வரை தங்கினார். உர்மிளா யூலி சவுத்ரி முதலிய இந்தியக் கலைஞரும் உள்ளூர்த் தச்சரும் துணைநிற்க, அரசு அலுவலகங்களுக்கும் பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்கும் தேக்கில் நாற்காலியும் மேசையும் நூலடுக்கும் உருவாயின. பின்னாளில் அவை கால் ஒடிந்து, மொட்டைமாடிகளில் குவிந்து, கழிவுப்பொருளாக விலைபோயின. வாங்கிய வெளிநாட்டு வணிகர் செப்பனிட்டுப் பல இலட்ச ரூபாய்க்கு விற்றனர். அவற்றை விற்கலாகாதென மத்திய உள்துறை அமைச்சகம் 2011இல் ஆணையிட்டது. அதற்குள் கடல் கடந்தவை பல.

இக்கொள்கைக்காகத் தமிழர் பாரிசை எதிர்நோக்கி நிற்க வேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அவ்வாண்டே இலண்டன் சென்றவர், ஒரு பல்பொருள் அங்காடியில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் பூட்டி வேண்டிய வடிவம் பெறும் அக்காட்சியே, 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறைக்கு வித்தாயிற்று. 1931இல் வெளியிட்ட நூலகவியல் நூலில் நூலடுக்கின் உயரத்தையும் அவர் விடவில்லை. நடுத்தர உயரமுள்ளவர் வெறுந்தரையில் நின்று எட்டும் அளவே மேல்தட்டுக்கு எல்லை என்றார். ஏணி வைத்து ஏறிச் சென்று எத்தனை பேர் கவிதை படிப்பர்? அதே 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டுவண்டியையே நூலகமாக்கி ஊரூராகச் செலுத்தினார்.

எஃகு நம் இல்லங்களுக்குள் வேறு வழியாக நுழைந்தது. பூட்டுத் தொழிலில் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 1923இல் எஃகு அலமாரி செய்யத் தொடங்கிற்று. நாம் அதைப் பீரோ என்றோம். பட்டுப்புடவைக்கும் நகைக்கும் பின்னால் நூல்களையும் வைத்துப் பூட்டினோம். கரையானிடமிருந்து நூல் தப்பியது, படிப்பவரிடமிருந்தும் தப்பியது.

1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின் கிளை நூலகங்கள் பெருகின. அவற்றில் இடம்பெற்ற இரும்பு ரேக்கை வடித்தவர் யாரென்று எவரும் கேட்டதில்லை. துளையிட்ட கோணச் சட்டம், தகட்டுத் தட்டு, திருகாணி. தட்டை ஏற்றலாம், இறக்கலாம், கழற்றி மீண்டும் பூட்டலாம். இலண்டன் அங்காடியில் அரங்கநாதன் கண்ட விளையாட்டுப் பொருளே ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது எனலாம்.

அதற்கு ஏலக்கூடம் இல்லை. துருவேறினால் எடைக்குத்தான் போகும். 1997இல் தனி மாவட்டமான திருவள்ளூரின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில், கழிவிரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் பல உள்ளன. எடைக்குப் போகும் ரேக்குகளில், ‘கவிதை’ என்றெழுதி ஒட்டிய தாள் கிழியாமலே இருப்பதுண்டு.