தொண்டுக்குப் படியளந்தவர் யார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதப் பிற்பகலில், முதுகலை முதலாண்டு மாணவி ஒருவர் துறை அறைக்கு வந்தார். நாட்டார் வழக்காறுகளைத் தொகுக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றில் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் பயிற்சி பெற அவருக்கு இடம் கிடைத்திருந்தது. ஊதியம் கிடையாது, முடிவில் சான்றிதழ் உண்டு. அவர் கையில் ஒரு தாள். விடுதி வாடகை, பேருந்துக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு என்று எழுதிக் கூட்டியிருந்தார். கூட்டுத்தொகைக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்கும் கீழே தனியாக இன்னொரு வரி: கடை வேலைக்குப் போனால் வீட்டுக்குக் கொடுக்கக்கூடிய தொகை. நாமோ அனுபவத்தின் அருமையையும் தொண்டின் பெருமையையும் எடுத்துரைத்துக்கொண்டிருந்தோம். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தாளை மடித்துக்கொண்டு போனார். அந்தக் கோடை முழுவதும் ஒரு ஜவுளிக்கடையில் நின்றார் என்பது ஜூன் மாதத்தில்தான் நமக்குத் தெரிந்தது.

அந்தத் தாளை நாம் சரியாகப் படிக்கவில்லை. இங்கிலாந்திலும், பின்னர் குறிப்பாக அமெரிக்காவிலும், நூற்று நாற்பது ஆண்டுகளாக இதே கணக்கு கல்லூரிகளின் முன் திரும்பத் திரும்ப வைக்கப்பட்டு வந்திருக்கிறது என்பதைப் பிற்பாடு படித்தறிந்தபோது, நம் அறியாமை சற்றுக் கூடுதலாகவே உறைத்தது. அந்த வரலாற்றின் சில பகுதிகளை வாசக நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

பல்கலைக்கழகத்தையும் ஏழைகள் வாழும் தெருவையும் இணைக்கும் முயற்சியை, 1884இல் கிழக்கு இலண்டனின் வைட்சேப்பல் பகுதியில் திறக்கப்பட்ட டாயின்பி ஹாலிலிருந்து தொடங்குவது மரபு. சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஹென்ரியட்டாவும் அதை நிறுவினர். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள் அங்கே வந்து தங்கி, அக்கம்பக்கத்து மக்களுக்குப் பாடம் நடத்தவும் அவர்கள் வாழ்நிலையை அறியவும் வேண்டும் என்பது ஏற்பாடு. இவ்வகை இல்லங்களுக்கு 'செட்டில்மெண்ட்' என்று பெயர். பிற்காலத்தில் பிரிட்டனின் சமூகக் காப்புத் திட்டத்தை வரைந்த பெவரிட்ஜும், இந்திய விடுதலையின்போது பிரதமராக இருந்த அட்லியும் இளமையில் இங்கே பணியாற்றியவர்கள். (அங்கே தங்கியிருந்த சி. ஆர். ஆஷ்பி 1888இல் தொடங்கிய கைவினைக் குழுவின் தொடர்ச்சியோடுதான் நம் ஆனந்த குமாரசாமியின் இங்கிலாந்து வாழ்க்கை பிணைந்திருந்தது. அவர் குடியிருந்த பழைய தேவாலயக் கட்டடத்தை வீடாகத் திருத்திக் கொடுத்தவர் ஆஷ்பியே. அது தனிக் கட்டுரைக்குரிய செய்தி.)

டாயின்பி ஹாலைப் புகழ்ந்து எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு சிறு விவரம் உண்டு. அங்கே தங்கியவர்கள் தங்கள் அறைக்கும் உணவுக்கும் தாங்களே பணம் கட்டினர். ஏழைகளோடு வாழ்வதற்கு முதல் தகுதி, ஏழையாக இல்லாதிருப்பது. நிறுவியவர்களின் நல்லெண்ணத்தை இதனால் ஐயுற வேண்டியதில்லை. ஆனால் வாயிற்படியில் எழுதப்படாத ஒரு நிபந்தனை இருந்தது என்பதை மறுக்கவும் இயலாது.

1889இல் இம்முறை அமெரிக்காவில் காலூன்றியது. சிகாகோவில் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் ஹல் ஹவுஸைத் தொடங்கினர். ஆடம்ஸுக்குத் தந்தை விட்டுச் சென்ற சொத்து இருந்தது. அதே ஆண்டில் நியூயார்க்கின் ரிவிங்டன் தெருவில் ஸ்மித் கல்லூரியில் படித்த பெண்கள் சிலர் ஓர் இல்லம் திறந்தனர். மறு ஆண்டு வெல்லெஸ்லி, ஸ்மித், வாஸர், பிரின் மார் ஆகிய மகளிர் கல்லூரிகளைச் சார்ந்தோர் இணைந்து கல்லூரிச் செட்டில்மெண்ட் சங்கத்தை உருவாக்கினர். பட்டம் பெற்ற முதல் தலைமுறைப் பெண்கள் அவர்கள். கிரேக்கமும் பொருளியலும் படித்துவிட்டு வந்தவர்களுக்கு, பள்ளி ஆசிரியப் பணி தவிர வேறு கதவுகள் ஏறக்குறைய மூடியே கிடந்தன. அக்கதவுகளுக்குப் பதிலாக அவர்களே கட்டிக்கொண்ட வாசல்தான் செட்டில்மெண்ட். அங்கும் வீட்டிலிருந்து பணம் வராதவர்கள் நீண்ட நாள் தங்க இயலவில்லை.

ஆகவே அச்சங்கம் ஒரு வழி கண்டது. கல்லூரிகளோடு தொடர்புடையோர் தரும் நன்கொடையைக் கொண்டு, பட்டதாரிப் பெண்களுக்கு ஆய்வு நல்கை அளித்து, செட்டில்மெண்டில் தங்கிப் பணியாற்றச் செய்வது. இன்று அமெரிக்கக் கல்லூரிகள் தொண்டு நிறுவனங்களுக்குச் செல்லும் மாணவர்க்கு வழங்கும் உதவித்தொகையின் மூதாதை இதுவே என நாம் கருதுகிறோம். அந்த நல்கையைப் பெற்றவர்களுள் இஸபெல் ஈட்டன் என்பவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வரலாற்று நூல்களில் பெரும்பாலும் அடிக்குறிப்பாக மட்டுமே வருபவர் அவர்.

ஈட்டன் ஸ்மித் கல்லூரியில் பயின்றவர். தையல் தொழிலாளர்களின் வரவு செலவை ஆராய்ந்தார். சிகாகோ மேலங்கித் தையல்காரர்களின் கூலியையும் நியூயார்க்கில் அதே தொழிலில் இருந்தோரின் கூலியையும் ஒப்பிட்டு அவர் எழுதிய கட்டுரை, 1895இல் ஹல் ஹவுஸ் பெண்கள் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடத் தொகுப்பில் இடம்பெற்றது. அடுத்தவர் கூலியைக் கணக்கெடுக்கும் வேலை. அதைச் செய்பவருக்கும் கூலி கொடுத்தாக வேண்டும் என்று ஒரு சங்கம் உணர்ந்திருந்தது. இந்தப் பொருத்தம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அச்சங்கத்தின் பிலடெல்பியா இல்லத்தோடு தொடர்புடைய சூசன் வார்ட்டன் என்ற சீமாட்டி, நகரின் ஏழாவது வட்டத்தில் வாழ்ந்த கறுப்பின மக்களைப் பற்றி முறையான ஆய்வு வேண்டும் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை வற்புறுத்தினார். 1896இல் பல்கலைக்கழகம் ஓர் இளைஞருக்குத் தந்தி அடித்தது: ஓராண்டுக்குத் துணைப் பயிற்றுநர் பதவி, 900 டாலர், மாதந்தோறும் பிரித்துத் தரப்படும். அந்த இளைஞர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர். அதற்கு முன் ஒஹையோவின் வில்பர்ஃபோர்ஸ் கல்லூரியில் 800 டாலருக்குக் கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்துக்கொண்டிருந்தவர். மணமாகிச் சில மாதங்களே ஆன நிலையில், செட்டில்மெண்ட் நடத்திய உணவகத்தின் மேல்மாடியில் ஓர் அறையில் மனைவியோடு குடியேறினார். வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினார். அவ்வட்டத்தில் வாழ்ந்த 9675 கறுப்பினத்தவரைப் பற்றிய விவரங்களைத் திரட்டினார். வீட்டு வேலை செய்வோர் பற்றிய தனி ஆய்வை ஈட்டன் மேற்கொண்டார். 1899இல் வெளிவந்த 'தி பிலடெல்பியா நீக்ரோ' நூலின் இறுதியில் அவருடைய அறிக்கையும் அவர் பெயரிலேயே இணைக்கப்பட்டுள்ளது. பணிப்பெண்ணுக்கு எவ்வளவு சம்பளம், அதில் எவ்வளவு சேமிக்கிறாள், ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறாள் என்பனவெல்லாம் அதில் உண்டு.

படியளந்தவர்களின் மனநிலையையும் இங்கே பார்த்தாக வேண்டும். நகரம் சீர்கெட்டுப் போனதற்குக் கறுப்பின மக்களின் குற்றமும் விலைபோகும் வாக்குகளும்தான் காரணம் என்ற முன்முடிவுக்கு அறிவியல் முத்திரை தேவைப்பட்டதாகவே டுபாய்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவர் எழுதிக் கொடுத்ததோ வேறு. வேலை மறுப்பு, கூடுதல் வாடகை, அடிமைமுறை விட்டுச் சென்ற வடுக்கள் ஆகியவற்றை ஆதாரத்தோடு அடுக்கினார். சம்பளம் கொடுத்தவர் விரும்பிய விடையைச் சம்பளம் பெற்றவர் தரவில்லை. பல்கலைக்கழகமும் அவரைத் தன்னவராகக் கருதவில்லை. அலுவலக அறை தரவில்லை, மாணவர்களோடு தொடர்பு இருக்கவில்லை, பல்கலைக்கழக ஏட்டில் பெயர்கூட இல்லாமற் போயிற்று என்று தம் வாழ்க்கை வரலாற்றில் கசப்போடு குறிப்பிட்டிருக்கிறார். ஒப்பந்தம் முடிந்ததும் அட்லாண்டாவுக்குப் போனார். அதே பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் என்னும் மதிப்பைக் கொடுத்தது 2012இல். அவர் மறைந்து நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து.

இதன் பிறகு சுமார் நாற்பது ஆண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். சமூகப் பணி தனித் தொழிலாயிற்று, அதற்கெனக் கல்லூரிகள் வந்தன. 1930களின் பெருமந்தம் கேள்வியை வேறு வடிவில் எழுப்பியது. படிக்க வைக்கவே பணமில்லாத வீடுகளிலிருந்து வந்த மாணவர்களுக்காக, ரூஸ்வெல்ட் 1935இல் தேசிய இளைஞர் நிர்வாகம் என்ற அமைப்பை ஏற்படுத்தினார். கல்லூரி மாணவர் வேலை செய்து மாதம் ஏறத்தாழ 15 டாலர் பெறலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்த ஆர்தர் மில்லர் அந்தப் 15 டாலருக்காக ஆய்வுக்கூடத்து எலிகளுக்குத் தீனி வைத்தார். 'ஒரு விற்பனைப் பிரதிநிதியின் மரண'த்தை எழுதப்போகும் கை அது. எலிகளுக்குத் தீனி வைப்பது சமூகத் தொண்டா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் படிக்கும் காலத்தில் மாணவன் செய்யும் வேலைக்கு அரசு கூலி தரலாம் என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது.

அந்த அமைப்பின் டெக்சாஸ் மாநில இயக்குநராக 1935இல் அமர்ந்தவர் லிண்டன் ஜான்சன். அப்போது அவருக்கு வயது 26. சான் மார்க்கோஸ் ஆசிரியர் கல்லூரியில் கூட்டிப் பெருக்கிப் படித்தவர். இடையில் பணம் போதாமல் படிப்பை நிறுத்தி, கொட்டுல்லா என்ற சிற்றூரில் மெக்சிக வம்சாவளிக் குழந்தைகளுக்கு ஓராண்டு பாடம் நடத்தியவர். 1964 ஆகஸ்டில் குடியரசுத் தலைவராக அவர் கையெழுத்திட்ட பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் 'வேலையோடு படிப்பு'த் திட்டம் இடம்பெற்றது. ஏழை மாணவர்கள் தம் கல்லூரியிலோ, வெளியே அரசு அமைப்பிலோ, இலாப நோக்கற்ற நிறுவனத்திலோ வேலை செய்யலாம். கூலியில் 90 விழுக்காடு வரை மத்திய அரசு ஏற்கும். (அப்பங்கு பிற்பாடு பொதுவாக 75 விழுக்காடாயிற்று.) தொண்டுக்குப் படியளப்பவர் பட்டியலில் அரசாங்கம் இவ்வாறு சேர்ந்தது.

ஏட்டில் இருந்தது நடைமுறையில் வேறாயிற்று. கல்லூரிகள் அந்தப் பணத்தின் பெரும்பகுதியைத் தம் சுவர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டன. நூலகத்துக்கு ஆள் வேண்டும், உணவகத்துக்கு ஆள் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் மாணவனை வெளியே அனுப்ப யாருக்கு மனம் வரும்? கல்லூரி நிர்வாகங்களை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இதில் வியப்பேதும் இராது. 1990களில் சட்டம் குறுக்கிட்டு, குறைந்தது 5 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. 2000ஆம் ஆண்டு முதல் அது 7 விழுக்காடு. திட்டத்தைத் தொடங்கிய நோக்கங்களுள் ஒன்றுக்கு இவ்வளவு சிறிய பங்கைக் கேட்டு வாங்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அதற்குள் 'இன்டர்ன்ஷிப்' என்ற சொல் எங்கும் பரவியிருந்தது. கோடையில் எங்கேனும் பயிற்சி பெறாத பட்டதாரியை வேலைக்கு எடுக்கத் தயங்கும் நிலை வந்தது. இலாப நோக்குள்ள நிறுவனங்களில் ஊதியமற்ற பயிற்சி நீதிமன்றம் வரை சென்றது. 'பிளாக் ஸ்வான்' திரைப்படத் தயாரிப்பில் கூலியின்றி உழைத்தவர்கள் 2011இல் வழக்குத் தொடுத்தனர், 2013இல் வென்றனர், 2015இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு விலக்கப்பட்டது. தொண்டு நிறுவனங்களுக்கோ இந்தச் சிக்கலே பெரிதாக எழவில்லை. அங்கே மனமுவந்து உழைப்பவர் தொண்டர் எனக் கொள்ளப்பட்டதால், கூலியின்மை பொதுவாகச் சட்டத்துக்கு உட்பட்டதே. வெள்ளை மாளிகையேகூடத் தன் பயிற்சி மாணவர்களுக்கு ஊதியம் தரத் தொடங்கியது 2022இல்தான்.

சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் சுமை கல்லூரிகளின் மேல் விழுந்தது. பிரின்ஸ்டனில் 1969ஆம் ஆண்டு பட்டம் பெற்ற வகுப்பினர் 1996இல் ஒரு திட்டம் தொடங்கி, தொண்டு நிறுவனங்களில் கோடைப் பணிக்குச் செல்லும் மாணவர்க்கு ஊதியம் கிடைக்கச் செய்தனர். ஈட்டன் படித்த ஸ்மித் கல்லூரியோ, 2000களில் தன் மாணவியர் ஒவ்வொருவருக்கும், படிப்புக்காலத்தில் ஒருமுறை, ஊதியமற்ற கோடைப் பயிற்சிக்கென 2000 டாலர் வழங்கியது. தகுதித் தேர்வுப் போட்டி வைத்துச் சிலருக்கு மட்டும் தராமல் எல்லோருக்கும் உரியதாக்கியதை நாம் உயர்வாகவே மதிக்கிறோம். போட்டி வைத்தால் விண்ணப்பம் நன்றாக எழுதத் தெரிந்தவர்க்கே அது போய்ச் சேரும். அக்கலை எந்த வீடுகளில் கற்பிக்கப்படுகிறது என்பது நாம் அறியாததன்று.

இங்கேயும் ஒரு முடிச்சு இருந்தது. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில், கட்டணச் சலுகை பெறும் மாணவர் கோடையில் வேலை செய்து சம்பாதித்ததில் ஒரு தொகையை அடுத்த ஆண்டுச் செலவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. உதவித்தொகை அறைக்கும் உணவுக்கும் சரியாகிவிடும். கோடை முடிந்து வெறுங்கையோடு திரும்பும் மாணவர் அந்தப் பங்குக்கு எங்கே போவார்? கடன் வாங்குவார், அல்லது முதலிலேயே கடை வேலைக்குப் போய்விடுவார். இதைக் கண்டுகொண்ட சில கல்லூரிகள், தொண்டு நிறுவனத்தில் கோடையைக் கழித்தவர்க்கு அந்தப் பங்கையும் தாமே ஈடுசெய்ய முன்வந்தன. வாழ்க்கைச் செலவு ஒரு கணக்கு, இழந்த சம்பாத்தியம் இன்னொரு கணக்கு என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கு அத்தனை காலம் பிடித்திருக்கிறது. நம் மாணவியின் தாளில் அது முதலிலேயே, கோட்டுக்குக் கீழே, தனி வரியாக எழுதப்பட்டிருந்தது.