கல்லறையிற் கிடந்த சிப்பி மணிகள்

பொன்னையும் மணியையுமே செல்வமெனக் கொண்டு பழகிய நமக்கு, கடற்சிப்பியையும் அவற்றோடு ஒப்பப் போற்றிய ஒரு மக்களின் வரலாறு வியப்பளிப்பதாகும். தென்னமெரிக்காவில் அந்தீசு மலைத்தொடருக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் இடையிலே கிடக்கும் பெரு நாட்டுக் கரையோரம், மழை அரிதாகிய பாலைநிலம். மலையிலிருந்து இறங்கும் ஆறுகளே அங்குள்ள வயல்களுக்கு உயிர்.

அம்மக்கள் பெரிதும் மதித்தது, முட்கள் நிறைந்த ஓடும் செந்நிற விளிம்பும் உடைய ஒரு சிப்பியை. கெச்சுவா மொழியில் அதற்கு ‘முல்யு’ என்று பெயர். பெருவின் கடலிலே குளிர் நீரோட்டம் பாய்கின்றது. இச்சிப்பியோ வடக்கே ஈக்குவடோரை அடுத்த வெப்பக் கடலில் வாழ்வது. ஆங்கே மூச்சடக்கி மூழ்கியோர் எடுத்த சிப்பி நெடுந்தூரம் கடந்து தெற்கே வந்தது. அதனை நீரோடும் மழையோடும் இணைத்து எண்ணினர் என்பது ஆய்வாளர் கருத்து. 1608ஆம் ஆண்டளவில் கெச்சுவா மொழியில் எழுதப்பெற்ற உவாரோச்சிரி ஏட்டிலே, இன்கா மன்னன் அளித்த உணவை மறுத்த தெய்வமொன்று, முல்யுவைக் கேட்டு வாங்கி நொறுக்கித் தின்றதாக ஒரு கதையுண்டு.

தெய்வத்துக்கு உணவாகிய பொருள் இறந்தோர்க்கும் துணையாயிற்று. 1987இல் வட பெருவிலுள்ள சிப்பான் என்னுமிடத்திலே, வால்ட்டர் அல்வா என்பாரும் அவர்தம் துணைவரும் மோச்சே குலத் தலைவன் ஒருவனது கல்லறையை அகழ்ந்தனர். அவன் மாண்டு ஏறக்குறைய 1,700 ஆண்டுகள் ஆகியிருந்தன. முழுச் சிப்பிகளும், ஆயிரக்கணக்கான சிப்பி மணிகளாற் கோத்த மார்பணிகளும் அவனுடன் இருந்தன. கோத்த நூல் மக்கிவிட்டது. ஆயினும் மணிகள் கிடந்த ஒழுங்கைக் கொண்டே அணிகளை மீண்டும் அமைக்க முடிந்தது. நிலக்கடலை வடிவில் அமைந்த கழுத்தணியிலே வலப்புறம் பத்துப் பொன்மணிகள், இடப்புறம் பத்து வெள்ளிமணிகள். இரண்டும் சேர்ந்தே உலகு நிறைவுறும் என்ற எண்ணத்தை இதிற் காண்கின்றனர் அறிஞர். மோச்சே மக்கள் எழுத்தை விட்டுச் செல்லவில்லை. பொருள்களை வைத்த இடமே அவர்கள் நமக்கு விட்டுச் சென்ற ஏடு.

அவ்வேட்டின் ஒரு பகுதி கிழிந்துபோயிற்று. அல்வா வருமுன்னரே, அதே ஆண்டிலே, அந்த மேட்டின் வேறொரு கல்லறையைக் கள்வர் உடைத்துப் பொன்னை வாரிச் சென்றனர். அவர்கள் கவர்ந்த பொற்கவசமொன்று 1997இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மீட்கப்பட்டுத் தாய்நாடு திரும்பியது. பொன் திரும்பியது, அது எவன் உடலில், எம்மணிகளின் அருகே கிடந்தது என்ற செய்தி திரும்பவில்லை.

புதைபொருளைக் கண்டால் அதன் விலை யாதெனக் கேட்பது உலக வழக்கம். அது கிடந்த இடம் யாதென முதலிற் கேட்க நாம் பழகுவோமாக. நூலறுந்த மணியும் தன் இடத்திற் கிடக்கும்வரை பேசும். இடம் பெயர்ந்தபின் பொன்னும் ஊமையே.