கங்கைகொண்ட சோழேச்சரமும் அடியார் கூட்டமும்



நண்பர் பத்துப்பேர் ஒன்றுகூடி, ஒரு வேன் அமர்த்திக்கொண்டு, கட்டுச்சோற்றுடன் விடியற்காலையில் புறப்பட்டு, பழம்பெருந் தலங்களைக் கண்டு இரவில் வீடு திரும்பும் வழக்கம் நம் நாட்டில் பெருகி வருகின்றது. இஃது உல்லாசப் பயணமோ, தல யாத்திரையோ என்று ஐயுறும் பெரியோரும் உளர். இந்த ஐயத்துக்கு விடை காணக் கங்கைகொண்ட சோழபுரத்தினும் பொருத்தமான இடம் வேறில்லை.

தோழமையோடு தலம் காண்பது சைவத்துக்குப் புதியதன்று. தம்பிரான் தோழராகிய சுந்தரமூர்த்தி நாயனாரும், அவர்தம் தோழராகிய சேரமான் பெருமாளும் சேர்ந்து தலந்தோறும் சென்ற வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைக்கின்றார். திருக்கண்டியூரை வணங்கி நின்றபோது, எதிர்க்கரையில் விளங்கும் திருவையாற்றைத் தொழ வேண்டும் என்னும் வேட்கை சேரமானுக்கே எழுந்தது. காவிரியோ இருகரையும் புரண்டு ஓடிற்று. நண்பரின் விருப்பத்துக்காக நாவலூரர் பாடினார். ஆறு விலகி வழிவிட்டது. ஒருவருக்கு ஆசை, மற்றவருக்குப் பாட்டு, இருவருக்கும் தரிசனம். இதுவன்றோ கூடிச் செல்வதன் பயன்!

கும்பகோணத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் செல்வோரும் ஓர் ஆற்றைக் கடந்தே செல்ல வேண்டும். அது கொள்ளிடம். கடக்கும் இடம் அணைக்கரை. அவ்விடத்தைப் பின்னர் நினைவுகூர்வோம். முதலில் ஊரைக் காண்போம்.

முதலாம் இராசராசனின் திருமகன் முதலாம் இராசேந்திரன். இவன் படை 1023-ஆம் ஆண்டளவில் கங்கை வரை சென்று வென்று, அப்புனித நீரைக் குடங்களிற் கொணர்ந்தது. அவ்வெற்றியின் நினைவாக எழுந்ததே இத்தலைநகர். வெற்றி கொண்ட மன்னர் கல்லிலே தூண் நாட்டுவர். இவனோ கங்கை நீரையே வெற்றித் தூணாக்கிச் சோழகங்கம் என்னும் ஏரியை அமைத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகின்றது. இன்று பொன்னேரி என வழங்குவது அதுவே. பகைவரை வென்ற பெருமிதம் உழவருக்கு நீராக மாறிய விந்தையை எண்ணிப் பாருங்கள்!

இனித் திருக்கோயில். விமானம் ஏறத்தாழ 180 அடி உயரமுடையது. தஞ்சை விமானம் நேர்கோடாய் நிமிர்ந்து நிற்கும். இது மெல்ல வளைந்து, நெளிந்து மேலேறும். உள்ளே ஏறத்தாழ 13 அடி உயரத்தில் பெருவுடையார் வீற்றிருக்கின்றார். கருவூர்த்தேவர் இப்பெருமானைப் பாடிய திருவிசைப்பா ஒன்பதாந் திருமுறையில் விளங்குகின்றது. கூட்டமாகச் செல்வோர் அப்பதிகத்தை அச்சந்நிதியிலே ஒருங்கிருந்து ஓதினால், அதனினும் பேறு யாதுளது?

வடபுற வாயிற்படியருகே சிறிது நேரம் நில்லுங்கள். உமையம்மையோடு அமர்ந்த இறைவன், தன் திருக்கரத்தாலே சண்டேசர் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகின்றான். யார் இச்சண்டேசர்? திருச்சேய்ஞலூரில் ஆநிரை மேய்த்த இளம்பிள்ளை விசாரசருமர். மணலால் இலிங்கம் அமைத்துப் பாலாட்டியவர். அப்பாற்குடத்தைத் தந்தையே காலால் இடறியபோதும் பூசையைக் கைவிடாதவர். உலகை வென்ற வேந்தன் எடுப்பித்த கோயிலில், வாயிலருகே மாலை பெறுவது ஒரு மாடு மேய்த்த பிள்ளை! இராசேந்திரன் தனக்கு இறைவன் சூட்டிய வெற்றி மாலையையே இவ்வடிவில் குறித்தான் என்று அறிஞர் சிலர் கருதுவர். அவ்வாறாயினும், அரசன் தன்னை அடியவன் இடத்தில் வைத்துப் பார்த்தான் என்பதன்றோ அதன் பொருள்?

அடுத்து, சற்றுத் தொலைவில் உள்ள மாளிகைமேட்டுக்குச் செல்லுங்கள். சோழப் பேரரசர் வாழ்ந்த அரண்மனை இருந்த இடம் அது. தமிழகத் தொல்லியல் துறையினர் 1980 முதலும், மீண்டும் 2021 முதலும் அங்கே அகழ்ந்தனர். செங்கற் சுவர்களின் அடித்தளமும், கூரை ஓடுகளும், சீன நாட்டுப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. ஏறத்தாழ 250 ஆண்டுகள் தென்னாட்டை ஆண்ட நகரத்தின் அரசிருக்கை இன்று ஒரு மேடு! மன்னர் வாழ்ந்த மனை மண்ணாயிற்று. மகாதேவன் வாழும் மனை நிற்கின்றது. இதற்குக் காரணம் யாது? கல்லின் வலிமை என்பீர்களோ? அல்ல. கேளுங்கள்.

1836-ஆம் ஆண்டு, கம்பெனியார் ஆட்சியில், கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தது. அணைக்கு வேண்டிய கருங்கல்லுக்கு இத்திருக்கோயிலின் மேல் கை வைத்தனர். சுற்று மதில் ஏறக்குறைய முழுதும் தகர்க்கப்பட்டது. சிற்பம் செறிந்த கற்கள் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டன. அவ்வூர் ஏழை மக்கள் தம்மால் இயன்றமட்டும் தடுத்தனர். பயனில்லை, கட்டளையை மதியாதவர் எனத் தண்டிக்கப்பட்டனர். கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்களித்தனர். அவ்வாக்கும் காற்றோடு போயிற்று. இவற்றை எழுதி வைத்தவர் நம்மவர் அல்லர். 1855-ஆம் ஆண்டின் ஆங்கிலக் குறிப்பே இவ்வாறு வருந்துகின்றது.

அன்பர்காள்! அணையை நாம் பழிக்கவில்லை. கீழணையின் நீர் பல்லாயிரம் ஏக்கர் வயலை வாழ்விக்கின்றது; சோழர் வெட்டிய வீராணம் ஏரியையும் நிரப்புகின்றது. ஆயினும் அணைக்கரையைக் கடக்கும்போது, நம் காலடியில் ஓடும் ஆற்றிலே இறைவன் வீட்டுச் சுவர் கிடக்கின்றது என்று ஒரு கணம் உளங்கொள்ள வேண்டாமா? மதிலுக்காகத் தண்டனை ஏற்ற அவ்வேழைகளுள் ஒருவர் பெயரும் நமக்கு எட்டவில்லை. கோயில் கட்டியவன் பெயர் ஊரின் பெயராயிற்று. கோயிலைக் காக்க முன்வந்தவர் பெயரோ கல்வெட்டிலும் இல்லை, ஏட்டிலும் இல்லை. சண்டேசர் தலையில் இறைவன் சுற்றும் மாலையில் அவர்களுக்கும் ஒரு பங்குண்டு என்றே அடியேன் நம்புகிறேன்.

ஆகவே, அரண்மனை அழிந்ததும் ஆலயம் நின்றதும் ஏன் என்பது விளங்குகின்றதன்றோ? அரண்மனைக்கு ஆட்சி போனபின் ஆளில்லை. ஆலயத்துக்கு ஆட்சி போனபின்னும் அடியார் இருந்தனர். விளக்கேற்ற ஒருவர், பூக்கொணர ஒருவர், கல்லைப் பெயர்க்க வருவோனை மறிக்க ஒருவர் என எக்காலத்தும் இருந்தனர். போன மதிலுக்கு மதிலாய் நின்றவர் அவர்களே.

2004-ஆம் ஆண்டு இத்திருக்கோயில் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்று, தஞ்சைப் பெரிய கோயிலோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படுகின்றது. நன்று. ஆனால் காவலும் வேலியும் மட்டும் கோயிலை வாழ்விக்க மாட்டா. ஐப்பசி முழுமதி நாளில் பெருவுடையார் திருமேனி முழுதும் அன்னத்தால் மூடப்பெறும்போது, ஊரும் அயலூரும் திரண்டு நிற்கின்றதே, அத்திரளே கோயிலின் உயிர்.

எனவே நண்பரோடு செல்லுங்கள். கேலியும் சிரிப்பும் வழியெல்லாம் இருக்கட்டும், குற்றமில்லை. வாயிலைக் கடந்தபின் சிற்பத்தின்மேல் சாயாதீர். சுவரிலே பெயர் கீறாதீர். உண்ட இலையை மைதானத்தில் எறியாதீர். படம் எடுப்போர் எடுக்குமுன் ஒரு முறை கைகூப்புங்கள். குழுவில் வரலாறு அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லுங்கள். பாட அறிந்தவர் பாடுங்கள். உடன் வந்த சிறுவருக்குச் சண்டேசரைக் காட்டுங்கள். அப்போது உல்லாசமே யாத்திரையாகும். நண்பர் குழாமே அடியார் கூட்டமாகும்.

வாழ்க அடியார் திருக்கூட்டம்!

திருச்சிற்றம்பலம்.