கடினநீரும் வீட்டுச் சாதனங்களும்

கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுதியாகக் கரைந்துள்ள நீர் கடினநீர் எனப்படும். சோப்பு நுரைக்காமல் திரிவதும், குழாய் முனையில் வெள்ளைக்கறை ஏறுவதும், துவரம்பருப்பு வேகத் தாமதமாவதும் இதன் அடையாளங்கள். குடிப்பவர் உடல்நலத்துக்குக் கேடு என்று உலகச் சுகாதார நிறுவனம் இதற்கு வரம்பு எதையும் விதிக்கவில்லை. இதனால் பெரிதும் பாதிக்கப்படுபவை வீட்டுச் சாதனங்களே.

தோற்றமும் வகைகளும்

மழைநீர் மென்மையானது. அது மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டைஆக்சைடை ஏற்று, இலேசான அமிலத்தன்மை பெற்று, வழியிலுள்ள சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது. இப்படிக் கரையும் பைகார்பனேட்டுகளால் வருவது தற்காலிகக் கடினத்தன்மை. நீரைக் கொதிக்க வைத்தால் கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும். சல்பேட், குளோரைடு உப்புகளால் வருவது நிரந்தரக் கடினத்தன்மை. அது கொதிக்க வைப்பதால் நீங்காது.

நீரின் தன்மையை நிலத்தின் பாறையே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புப் பாறையின் மேல் அமைந்திருப்பதால், அங்குள்ள கிணற்று நீர் கடினமானது. கோயம்புத்தூரில் மென்னீர், கடினநீர் இரண்டையும் ஒரே ஊரில் காணலாம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பெய்த மழை, பாறையுடன் நெடுநாள் உறவாடாமல் சிறுவாணி ஆற்று நீராக வந்து சேர்வதால் மென்மையாக இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் பாறை இடுக்குகளில் நீண்ட காலம் தங்கி உப்பேறி வருகிறது. முன்னதை ‘நல்ல தண்ணி’ என்றும் பின்னதை ‘உப்புத் தண்ணி’ என்றும் மக்கள் பிரித்துப் புழங்குகிறார்கள்.

அளவீடு

கடினத்தன்மை, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு இணையானது என்று கணக்கிடப்படுகிறது. பொதுவழக்கில் 60 வரை மென்னீர். 61 முதல் 120 வரை மிதமான கடினநீர். 121 முதல் 180 வரை கடினநீர். அதற்கு மேல் மிகக் கடினநீர். இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 (2012), ஏற்கத்தக்க அளவாக 200 மில்லிகிராமையும், வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கத்தக்க உச்ச அளவாக 600 மில்லிகிராமையும் குறிக்கிறது.

ஆய்வகங்களில் ஈ.டி.டி.ஏ. கரைசலைக் கொண்டு இதை அளக்கிறார்கள்; நிறங்காட்டி சேர்த்த நீர் சிவப்பிலிருந்து நீலமாக மாறும்போது அளவு தெரியும். வீடுகளில் பயன்படும் டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்புகளின் மொத்த அளவையே மதிப்பிடுகிறது. அந்த உப்பில் சோடியம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது.

சாதனங்களில் விளைவுகள்

கரைந்திருக்கும் உப்பு நீரோடு ஓடிவிட்டால் பெரிய தீங்கு இல்லை. நீர் சூடாகும் இடம், ஆவியாகும் இடம், உப்பு செறிவடையும் இடம் ஆகிய மூன்றிலும்தான் அது கல்லாகப் படிகிறது.

முதல் வகையில் கெய்சர், கெட்டில், வாட்டர் ஹீட்டர் கம்பி ஆகியவை அடங்கும். கால்சியம் கார்பனேட் மற்ற பல உப்புகளைப் போலன்றி, வெப்பம் கூடக்கூடக் குறைவாகவே கரையும். அதனால் நீரைவிடச் சூடான கம்பியின் மேல்தான் முதலில் படிகிறது. கம்பி உறையாகப் பயன்படும் செம்பு, இந்தப் படிவைவிட நூறு மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. படிவு தடிக்கும்போது கம்பியின் வெப்பம் நீருக்குப் போக முடியாமல் உள்ளேயே தேங்கும். நீர் சூடாகத் தாமதமாகும். கடைசியில் கம்பியின் உறை வெடித்துச் சாதனம் பழுதாகும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள 100 லிட்டர் நீரில், 30 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு இணையான உப்பு இருக்கிறது. அதில் ஒரு பங்கு மட்டும் நாள்தோறும் தங்கினாலும் சில மாதங்களில் கனத்த ஓடாகிவிடும்.

துணி துவைக்கும் இயந்திரத்தில் பாதிப்பு இருவகை. வெந்நீரில் துவைக்கும் இயந்திரங்களில் ஹீட்டர் கம்பியில் படிவு ஏறும். சாதாரண சோப்பு, கால்சியத்துடன் சேர்ந்து கரையாத பிசுக்காகித் துணியில் ஒட்டும். துணி விறைத்து மங்கும். டிடர்ஜெண்ட் தூளில் சேர்க்கப்படும் சியோலைட், சோடா போன்றவை கால்சியத்தைக் கட்டுப்படுத்துவதற்காகவே உள்ளன.

ஏர்கூலர் தட்டிகள், ஷவர் துளைகள், நீராவி இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றில் நீர் ஆவியாகி உப்பு மட்டும் எஞ்சுகிறது.

ஆர்.ஓ. சுத்திகரிப்பானில் படிவுக்குச் செறிவே காரணம். உள்ளே செல்லும் நீரில் பாதியைக் குடிநீராக எடுத்தால், வெளியேறும் நீரின் கடினத்தன்மை ஏறக்குறைய இருமடங்காகும். அந்த உப்பு, நீரை வடிகட்டும் சவ்வின் மேல் படிந்து நீர்வரத்தைக் குறைக்கும். கழிவுநீரைக் குறைக்க முயலும்போதே சவ்வின் ஆயுளும் குறையும் சிக்கல் இதனால் எழுகிறது.

தடுப்பும் பராமரிப்பும்

நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவியிலுள்ள பிசின் மணிகள் கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகளின் திறன் தீர்ந்ததும் சமையல் உப்புக் கரைசலால் புதுப்பிக்க வேண்டும். இதனால் டி.டி.எஸ். குறையாது. 100 மில்லிகிராம் கடினத்தன்மை நீங்கும்போது 46 மில்லிகிராம் சோடியம் சேர்வதால், இந்நீரைக் குடிக்கவும் செடிகளுக்கு ஊற்றவும் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. குழாயில் மாட்டும் காந்தக் கருவிகள் கால்சியத்தை நீக்குவதில்லை.

ஏறிய படிவைச் சிட்ரிக் அமிலமோ வினிகரோ கரைக்கும். கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எவர்சில்வரையும் குரோம் பூச்சையும் அரிக்கும். அதைச் சாதனங்களில் பயன்படுத்தக் கூடாது. எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடருடன் கலக்கவே கூடாது. நச்சான குளோரின் வாயு வெளிப்படும். கெய்சரைத் திறந்து படிவை அகற்றுவதை மின்பணியாளரிடம் விடவேண்டும். துருவைத் தடுக்க உள்ளே வைத்திருக்கும் மக்னீசியம் தண்டு தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிடலாம்.

வீட்டு நீர் முழுவதையும் மென்மையாக்க வேண்டிய தேவை பலருக்கும் இல்லை. நீரை ஒருமுறை ஆய்வகத்தில் சோதித்து, சூடாகும் இடங்களுக்கு மட்டும் மென்னீர் கொடுத்து, கெய்சரின் வெப்பநிலையைத் தேவைக்கு மேல் ஏற்றாமல் வைப்பதே செலவும் சேதமும் குறைந்த வழி.