குரோம் அப்டேட் ஆச்சு, டெஸ்ட் படுத்துருச்சு: பிரவுசர் டிரைவர்களின் 20 வருடக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு எரர் மெசேஜோட வரலாறு. ஆட்டோமேஷன் டெஸ்டிங்ல வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் அதை மனப்பாடமா சொல்லுவாங்க. "செஷன் உருவாக்க முடியவில்லை. இந்த குரோம்டிரைவர் 114-ம் வெர்ஷன் குரோமை மட்டுமே ஆதரிக்கும்." வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் எல்லா டெஸ்ட்டும் பச்சை. திங்கட்கிழமை காலையில பார்த்தா மொத்தமும் சிவப்பு. கோட்ல யாரும் ஒரு வரி கூட மாத்தலை. சனி, ஞாயிறுல குரோம் தானே அப்டேட் ஆயிருச்சு, அவ்ளோதான்.

இது ஏன் நடக்குது, இதைச் சரி பண்ண ஏன் இருபது வருஷம் ஆச்சு? இதுக்குப் பதில் தேட முதல்ல தூத்துக்குடி கடற்கரைக்குப் போயிட்டு வரலாம். காரணம் இருக்கு.

பாரில் எடுத்த சாம்பிள்

மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கு எதிரே கடலடியில் முத்துச்சிப்பி வளர்கிற பாறைத் திட்டுகளை 'பார்' என்று சொல்வார்கள். முத்துக்குளிப்பு வருஷா வருஷம் நடந்தது கிடையாது. பல ஆண்டுகள் சிப்பியே இல்லாமல் பார்கள் வெறுமையாகக் கிடக்கும். அதனால் குளிப்பை அறிவிக்கும் முன்னாடி அரசாங்கம் ஒரு சோதனை நடத்தும். பாரிலிருந்து கொஞ்சம் சிப்பிகளை எடுத்து, அழுக வைத்து, கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்புப் போடத் தெரிந்தவர்களிடம் கொடுப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு மதிப்பு என்று கணக்குப் போட்டு, தேறும் என்றால்தான் குளிப்பு.

சாம்பிள் தப்பாப்போனா என்ன ஆகும்? பெரிய கூட்டம் வந்து இறங்கும். மூழ்குகிறவர்கள், படகுக்காரர்கள், வியாபாரிகள், கடன் கொடுத்தவர்கள் எல்லோரும். கடலுக்கு அடியில் ஒண்ணும் இல்லைன்னா அத்தனை பேருக்கும் நஷ்டம். ரிலீஸுக்கு முன்னாடி டெஸ்ட் ஓட்டுறது கிட்டத்தட்ட இதுதான். எல்லா சிப்பியையும் திறந்து பார்க்க முடியாது. எடுத்த சாம்பிளை நம்பி முடிவெடுக்கணும்.

இன்னொரு விஷயம் கயிறு. மூழ்குகிறவர் கல்லில் காலை வைத்து விறுவிறுன்னு கீழே போவார். அடியில் அவர் செய்கிற எதுவும் மேலே இருப்பவருக்குத் தெரியாது. கயிறு மட்டும்தான் தொடர்பு. அவர் ஒரு இழுப்பு இழுத்தால் மேலே இருப்பவர் தூக்கணும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள், தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறதால கவனமா இருப்பான்னு இந்தக் கரையில் ஒரு பேச்சு உண்டு. கயிறு பிடிக்கிறவருக்கு அந்த இழுப்போட அர்த்தம் புரியணும், அதுதான் முக்கியம். மூழ்குகிறவர் புதுசா ஒரு சைகையை வெச்சுக்கிட்டு, அதை மேலே இருக்கிறவர்கிட்ட சொல்லாம இறங்கினா என்ன ஆகும்? நம்ம எரர் மெசேஜ் அதேதான்.

பாதரசத்துக்கு மருந்து

2004. அமெரிக்காவில் சிகாகோ. தாட்வொர்க்ஸ் கம்பெனியில் ஜேசன் ஹக்கின்ஸ்னு ஒரு புரோகிராமர். ஊழியர்கள் நேரத்தையும் செலவையும் பதிவு செய்கிற ஒரு உள் அப்ளிகேஷன்ல வேலை. அதை ஒவ்வொரு பிரவுசரிலும் கையால் கிளிக் பண்ணிப் பண்ணிப் பார்க்கணும். அவர் சலிச்சுப்போய், பக்கத்துக்குள்ளேயே நுழைஞ்சு தானா கிளிக் பண்ற ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கருவியை எழுதினார்.

அப்போ இந்தத் துறையில் பெரிய பேர் மெர்குரி இன்டராக்டிவ். மெர்குரின்னா பாதரசம். பாதரச விஷத்துக்கு செலினியம் மருந்துன்னு ஹக்கின்ஸ் ஒரு ஜோக் அடிச்சார். பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு. இன்னைக்கு ரெஸ்யூமேல எல்லாரும் போடுற 'செலினியம்' பிறந்தது இப்படித்தான்.

ஆனா ஒரு சிக்கல். ஒரு தளத்தோட ஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தைத் தொடக்கூடாதுங்கிறது பிரவுசரோட பாதுகாப்பு விதி. செலினியமும் ஒரு ஸ்கிரிப்ட்தானே? அதுக்கும் அதே தடை. நடுவுல ஒரு சர்வரை வெச்சு பிரவுசரை ஏமாத்தி ஓட்டினாங்க. ஓடுச்சு, ஆனா மெதுவா, தட்டுத்தடுமாறி.

2006 வாக்கில் சைமன் ஸ்டூவர்ட் வேற வழியில் யோசித்தார். உள்ளே ஸ்கிரிப்டை நுழைக்காம, வெளியே இருந்து பிரவுசரை ஓட்டினா என்ன? ஒவ்வொரு பிரவுசருக்கும் அதோட சொந்த வழி இருக்கு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு விண்டோஸ் கொடுக்கிற வழி, ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன். இதுக்கு அவர் வெச்ச பேர் வெப்டிரைவர். நம்ம டெஸ்ட் கோடுக்கும் பிரவுசருக்கும் நடுவுல கயிறு பிடிக்கிற ஆள் இப்பத்தான் கதைக்குள்ள வர்றார். ரெண்டு திட்டமும் சேர்ந்து 2011 ஜூலையில் செலினியம் 2.0 வெளியானது.

இதுல ஒரு விலை இருந்தது. பிரவுசரோட உள் அமைப்பைத் தொட்டு ஓட்டுறதால, உள்ளே எது மாறினாலும் டிரைவரும் மாறணும்.

ஆறு வாரம், நாலு வாரம்

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வெளிவந்தது 2001-ல். அடுத்த வெர்ஷன் 7 வந்தது 2006-ல். நடுவுல அஞ்சு வருஷம்! அந்த உலகத்தில் ஒரு டிரைவர் எழுதினா வருஷக்கணக்கா ஓடும். நம்ம ஊர் அரசு இணையதளங்கள் பலவும் 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்க்கவும்'னு கீழே எழுதி வெச்சிருந்தது அந்தப் பழக்கத்தோட மிச்சம்தான்.

2008 செப்டம்பரில் குரோம் வந்தது. யாரையும் கேட்காம பின்னணியில் தானே அப்டேட் ஆகிற பிரவுசர். 2010-ல் ஆறு வாரத்துக்கு ஒரு வெர்ஷன்னு அறிவிச்சாங்க. 2011-ல் ஃபயர்ஃபாக்ஸும் அதே வேகத்துக்கு வந்தது. 2021 செப்டம்பரில் குரோம் 94-லேர்ந்து நாலு வாரம். பயன்படுத்துறவங்களுக்கு இது நல்லது. பாதுகாப்பு ஓட்டை இருந்தா சீக்கிரம் அடைபடும். ஆனா கயிறு பிடிக்கிறவர் மாசத்துக்கு ஒரு புது சைகை கத்துக்கணும்.

குரோம்டிரைவரை ஆரம்பத்தில் செலினியம் ஆட்கள் கவனிச்சாங்க, பிறகு குரோமியம் குழுவே எடுத்துக்கிச்சு. ஆனாலும் நம்பர்கள் பொருந்தாது. டிரைவர் 2.30-ன்னா குரோம் 58 முதல் 60 வரை. 2.46-ன்னா 71 முதல் 73 வரை. இதுக்குன்னு ஒரு பட்டியலைப் பார்த்து, ஜிப் ஃபைலை இறக்கி, சரியான ஃபோல்டரில் போடணும். 2019-ல் வெர்ஷன் 73-லேர்ந்துதான் ரெண்டுக்கும் ஒரே நம்பர் வந்தது. குழப்பம் குறைஞ்சது. வேலை குறையலை.

ஃபயர்ஃபாக்ஸ் கதை இன்னும் கஷ்டம். அது எக்ஸ்டென்ஷனை நம்பி ஓடிக்கிட்டிருந்தது. 2016 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் 47 வந்தப்ப பழைய டிரைவர் முறிஞ்சது, அவசரமா 47.0.1 வந்தது. அடுத்த வெர்ஷன் 48-ல் கையெழுத்திடாத எக்ஸ்டென்ஷன்களுக்குக் கதவை மூடினாங்க. பழைய வழியோட ஆயுள் அத்தோட முடிஞ்சது. கெக்கோடிரைவர்ங்கிற புது ஆளுக்கு எல்லாரும் மாறவேண்டி வந்தது. உலகம் முழுக்க டெஸ்டர்கள் அந்த வருஷம் பழைய ஃபயர்ஃபாக்ஸை இறக்கி, அப்டேட்டை அணைச்சு வெச்சு ஓட்டினாங்க.

கயிறு யார் பொறுப்பு?

இந்தச் சண்டையோட அடியில் இருக்கிற கேள்வி இதுதான்: டிரைவர் யார் பொறுப்பு? டெஸ்ட் எழுதுறவங்களா, பிரவுசரைச் செய்யறவங்களா?

ஆப்பிள் ஒரு தெளிவான பதில் சொல்லுச்சு. 2016-ல் சஃபாரி 10-லேர்ந்து டிரைவர் பிரவுசரோடவே வந்துடும். தனியா இறக்க வேண்டாம், வெர்ஷன் தப்பாகவும் வழியில்லை. மூழ்குகிறவரும் கயிறு பிடிக்கிறவரும் ஒரே வீட்டு ஆட்கள்.

இன்னொரு பதில், எல்லாருக்கும் பொதுவான சைகை மொழி. 2018 ஜூன் 5-ம் தேதி இணையத்துக்கான தரநிலைகளை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பு வெப்டிரைவரை அதிகாரப்பூர்வ தரநிலையா ஏத்துக்கிச்சு. அதைத் தொகுத்தவர்கள் சைமன் ஸ்டூவர்ட்டும் டேவிட் பர்ன்ஸும். டெஸ்ட் கோடுக்கும் டிரைவருக்கும் நடுவுல இருந்த மொழிச் சண்டை இதோட தீர்ந்தது. ஆனா டிரைவருக்கும் பிரவுசருக்கும் நடுவுல இருக்கிற பேச்சு ஒவ்வொரு கம்பெனியோட உள் விவகாரம். அங்கே நம்பர் பொருந்தணும்ங்கிறது மாறலை. தரநிலை வந்த பிறகும் திங்கட்கிழமை சிவப்பு நிக்காததுக்குக் காரணம் அதுதான்.

மூணாவது பதில் ஸ்பெயின்லேர்ந்து வந்தது. மாட்ரிட்ல பல்கலைக்கழக ஆசிரியரா இருக்கிற போனி கார்சியா 2015-ல் வெப்டிரைவர்மேனேஜர்னு ஒரு சின்ன நூலகம் எழுதினார். கம்ப்யூட்டர்ல எந்த குரோம் இருக்குன்னு பார்க்கும், பொருத்தமான டிரைவரைத் தேடும், தானே இறக்கி வைக்கும். உலகமே பயன்படுத்துச்சு. 2022 நவம்பரில் அதே யோசனை செலினியம் மேனேஜர்ங்கிற பேர்ல செலினியம் 4.6-க்குள்ளேயே வந்தது. அதை எழுதினதும் அவர்தான்.

நம்ம நாட்டுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. ரிதேஷ் அரோராவும் நகுல் அகர்வாலும் 2011-ல் மும்பையில் பிரவுசர்ஸ்டாக்கைத் தொடங்கினாங்க. எல்லா பிரவுசரையும் எல்லா வெர்ஷனையும் உங்க மேசையில் வெச்சுக்க வேண்டாம், எங்க மெஷினை வாடகைக்கு எடுங்கன்னாங்க. பொருத்தம் பார்க்கிற தலைவலியே ஒரு தொழிலாச்சு.

2023: நகராத குரோம்

2023 ஜூலை. குரோம் 115. அந்த வெர்ஷனிலேர்ந்து குரோம்டிரைவர் இருக்கிற இடத்தையே மாத்தினாங்க. பழைய முகவரியில் 'கடைசி வெர்ஷன் என்ன?'ன்னு கேட்டா, 114-னுதான் பதில் வரும். தானே இறக்குற ஸ்கிரிப்ட் வெச்சிருந்தவங்க எல்லாம் மாட்டினாங்க. ஆரம்பத்தில் நான் சொன்ன எரர்ல 114-ங்கிற நம்பர் இவ்வளவு பிரபலமானது அதனாலதான்.

ஆனா அதே சமயம் வந்த ஒரு விஷயம் உண்மையான தீர்வு. 'குரோம் ஃபார் டெஸ்டிங்'. டெஸ்டுக்குன்னே தனியா ஒரு குரோம். தானா அப்டேட் ஆகாது. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் பக்கத்திலேயே பொருத்தமான டிரைவர். நீங்க 115-னு எழுதி வெச்சா, நீங்களா மாத்துற வரைக்கும் 115-தான். செலினியம் மேனேஜரும் 4.11-லேர்ந்து இதைத் தானே இறக்கிக்குது.

சிவப்பை நம்பலாமா?

இதெல்லாம் ஒரு டெஸ்டரோட வசதிக்காகன்னு நினைக்காதீங்க. வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் கப்பலேறணும்னா, அதுக்கான ஷிப்பிங் பில் இணையத்தில்தான் போகணும். கப்பலோட நேரம் நெருங்குறப்ப ஏஜென்ட் ஆபீஸ்ல குரோம் அப்டேட் ஆகி, ஒரு பட்டன் அழுத்துப்படலைன்னா சரக்கு கரையில் நிக்கும். அந்தப் பட்டனைக் காப்பாத்த வேண்டியது எங்கேயோ ஓடுற ஒரு டெஸ்ட்.

பெரிய ஆபத்து இங்கேதான். வெர்ஷன் பொருந்தாம வர்ற சிவப்பும், பட்டன் கெட்டு வர்ற சிவப்பும் திரையில் ஒரே நிறம். மாசத்துக்கு ஒரு தரம் பொய்ச் சிவப்பு வந்தா, டீம் ஒரு பழக்கத்துக்கு வந்துடும்: "அது டிரைவர் பிரச்சினைப்பா, திரும்ப ஓட்டு." அப்படித் தள்ளிவிட்ட பத்தில் ஒண்ணு நிஜமா இருக்கும். கயிறு சும்மா சும்மா ஆடினா, நிஜமா இழுக்கிறப்ப தூக்க மாட்டாங்க.

அதுக்காக குரோமைப் பூட்டி வெச்சா முடிஞ்சுதான்னா, அதுவும் இல்லை. உங்க டெஸ்ட் 115-ல் நிம்மதியா ஓடும். பயன்படுத்துறவங்க கையில் இருக்கிற குரோம் நகர்ந்துகிட்டே போகும். பழைய பாரில் எடுத்த சாம்பிளை வெச்சு இந்த வருஷக் குளிப்பை அறிவிக்கிற மாதிரி. அதனால ரெண்டும் வேணும். ரிலீஸை நிறுத்துற டெஸ்ட் பூட்டின வெர்ஷனில் ஓடட்டும். அங்கே சிவப்பு வந்தா நம்ம கோட்தான் காரணம்னு உறுதியா சொல்லலாம். தினமும் தனியா இன்னொரு ஓட்டம், புது வெர்ஷனிலும் அடுத்து வரப்போற பீட்டாவிலும். அங்கே சிவப்பு வந்தா ரிலீஸ் நிக்காது, ஆனா மக்கள் கைக்குப் போறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிடும். பூட்டின வெர்ஷனை எப்போ ஏத்தணும்ங்கிறதை காலண்டர்ல தேதி போட்டு ஒருத்தர் பொறுப்பில் விடுங்க. இல்லைன்னா அது அங்கேயே தூங்கிடும்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதுக்குப் பிறகு பார்களில் அந்த அளவுக்குச் சிப்பி தேறலை. 'இந்த வருஷம் வேண்டாம்'னு சொல்றதும் சோதனையோட வேலைதான். அந்தப் பதிலை ஜனங்க கேக்கணும்னா, அதுக்கு முன்னாடி சோதனை மேல நம்பிக்கை இருக்கணும். உங்க டீம்ல கடைசியா வந்த சிவப்பு எதனால வந்ததுன்னு இன்னைக்கு ஒருதரம் தேடிப் பாருங்க. பதில் ரெண்டு நிமிஷத்தில் கிடைக்கலைன்னா, அங்கேர்ந்து தொடங்குங்க.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, திங்கட்கிழமை காலையில் புலம்புற ஒரு நண்பருக்கு அனுப்பி வைங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.